இருவரும் ஒருவரல்லர்

மனித குல வரலாற்றில் நெருப்பு, சக்கரம், தையல் ஊசி ஆகியவற்றுக்கு அடுத்து வைத்து எண்ணத்தக்க பெருநிகழ்வு ஒன்று சனிக்கிழமை முற்பகல் பத்தரை மணிக்கு, ராகு காலம் கழிந்த கையோடு நிகழவிருப்பதாக மேலாண்மைத் தகுதி வாரியம் பெருமிதத்துடன் அறிவித்தது. சொன்னபடியே நிகழ்ந்தது. அதன் பெயர் மறுதேர்வு விதி எண் 14. "தகுதித் தேர்வை ஒருவர் ஒரு முறை மட்டுமே எழுதலாம். இரண்டாம் முறை எழுத விரும்புகிறவர் வேறொருவராக இருத்தல் வேண்டும்."

வாரியத் தலைவர் இதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பிறகு போண்டா வந்தது. விதிக்கு என்ன பொருள் என்று ஒருவரும் கேட்கவில்லை. போண்டா சூடாக இருந்தது.

பொருள் இதுதான். தகுதித் தேர்வை 'எழுதுவது' என்பது பேச்சுக்குத்தான். கேள்வித்தாள் ஒழிந்து ஆறு வருடம் ஆகிறது. தலையில் ஒரு தொப்பியை மாட்டி இருபது நிமிடம் உட்கார வைப்பார்கள். மண்டைக்குள் இருப்பதை அது படித்து, எண்ணூறுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். அதே தலையைப் பத்து முறை வைத்தாலும் அதே எண்தான் வரும். ஆக, மறுதேர்வு என்பதே அர்த்தமில்லாத காரியம். ஆனால் மறுதேர்வு வேண்டும் என்று விண்ணப்பித்தவர்கள் பல லட்சம். இத்தனை பேரைக் கட்டணத்தோடு திருப்பி அனுப்ப எந்த வாரியத்துக்கு மனம் வரும்? எனவே ஒரு மனிதனில் பன்னிரண்டு சதவீதம் மாறிவிட்டால் சட்டப்படி அவன் வேறு மனிதன் என்று முடிவு செய்தார்கள். ஏன் பன்னிரண்டு என்றால், வாரியத்தில் பன்னிரண்டு உறுப்பினர்கள்.

கோயமுத்தூர் பீளமேட்டில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி பிரிவு சூப்பர்வைசராக இருந்த மருதாசலத்துக்கு வயது முப்பத்தேழு. ஓடுகிற மோட்டார் மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, மறுமுனையைக் காதில் வைத்து, எந்த பேரிங் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லக்கூடியவர். தொப்பி அவருக்குக் கொடுத்த எண் 690.

அந்த எண்ணோடு அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். ஒரு வருடத்துக்கு முன்னால் நிரஞ்சன் வந்து சேரும் வரை. இருபத்தெட்டு வயது ஜெனரல் மேனேஜர். மேஜை மேல் பித்தளைப் பலகையில் 'நிரஞ்சன், 710' என்று இருக்கும். அந்தக் காலத்தில் பெயருக்குப் பின்னால் பட்டத்தைப் போட்டுக்கொண்டார்களே, அது போல. முதல் நாளே நாற்பது தொழிலாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "அங்கிள், அந்த ஃபைலை எடுங்க" என்றான். மருதாசலம் ஃபைலை எடுத்துக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்த கை அன்றிலிருந்து எரிந்துகொண்டே இருந்தது.

மேற்குமலை மேலாண்மைப் பள்ளியில் படித்துவிட்டு வந்தால் நிரஞ்சனுக்கு மேலே உட்காரலாம். அதற்கு 720 வேண்டும்.

"அறுநூத்தித் தொண்ணூறு பத்தாதுன்னு யாருங்க சொன்னா?" என்று கேட்டாள் அவர் மனைவி பூங்கோதை. சிங்காநல்லூர் தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்குக் கவுண்டரில் இருப்பவள். பணம் எடுக்க வருகிறவர்களின் கையெழுத்து, பழைய கையெழுத்தோடு பொருந்துகிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பது அவள் வேலை.

"எல்லாரும் சொல்றாங்க."

"காலேஜ்ல சொன்னாங்களா?"

"காலேஜ்ல போய் இதையெல்லாம் கேப்பாங்களா அம்மிணி? இந்த மார்க்குக்கு சீட்டு கெடைக்குமாங்கன்னு கேட்டா பிச்சை எடுக்கற மாதிரி இருக்கும். எழுநூத்தி இருபதை வாங்கிட்டு நெஞ்சை நிமித்திட்டுப் போயி நிக்கணும்."

மேற்குமலைப் பள்ளியும் கௌரவத்தில் சளைத்ததல்ல. இத்தனை மதிப்பெண் போதும் என்று சேர்க்கை முடியும்வரை அது வாய் திறப்பதில்லை. கேட்டால் கேவலம் என்று இவர்களும், சொன்னால் கேவலம் என்று அவர்களும்.

காந்திபுரத்தில் புதுமனிதன் அகாடமி என்று ஒன்று இருந்தது. அதன் இயக்குநர் முனைவர் செங்கோட்டுவேலன். அவர் அறைச் சுவரில் 'முன்', 'பின்' என்று இரண்டு புகைப்படங்கள். இரண்டிலும் ஒரே ஆள், ஒரே சட்டை. பின்னதில் மீசை இல்லை.

"மனுஷன்னா என்னங்க?" என்றார் செங்கோட்டுவேலன், முதல் நாள். இதைக் கேட்டுவிட்டு அவர் பத்து விநாடி மௌனமாக இருப்பது வழக்கம். "ஒரு மூட்டை. இது பிடிக்கும், அது பிடிக்காது, இவனைக் கண்டா ஆகாது, அதைக் கண்டா பயம். அவ்வளவுதான். நாங்க ஒவ்வொண்ணா உருவிடுவோம்."

"ஞாபகம் போயிடுங்களா?" என்றார் மருதாசலம்.

"சேச்சே. ஞாபகம் அப்படியே இருக்கும். அதுல இருக்கிற சூடு மட்டும் ஆறிடும்."

முதலில் சில்லறைகளை உருவினார்கள். கருப்பட்டிக் காபி மேல் இருந்த ஆசை 0.3 சதவீதம். பல்லி பயம் 0.4. பதினெட்டு வருடமாக ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டு, அதற்காக மச்சானோடு பேச்சு வார்த்தையே இல்லாமல் இருந்த கொள்கைப் பிடிப்பு 0.02.

"அவ்வளவுதானுங்களா?" மருதாசலம் அதிர்ந்து போனார்.

"பலருக்கு அதுகூட இருக்காதுங்க."

ஒரு மாதம் கழித்து மோட்டார் சத்தத்தின் மேல் இருந்த பற்றை எடுத்தார்கள். அது மட்டும் 2.6. மறுநாள் வேலையில், ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் காதைக் கொடுத்தவருக்குச் சத்தம் கேட்டது, வேறொன்றும் கேட்கவில்லை. அருகில் நின்ற ஃபிட்டர் பேச்சிமுத்து, "என்னங்க சார், எத்தனை மாசம் தாங்கும்?" என்றான். மருதாசலம் மேனுவலைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பதினோரு வருடத்தில் அவர் மேனுவலைத் தொட்டு அவன் பார்த்ததில்லை.

"பரவாயில்ல. படிச்சு முடிச்சா மோட்டார் பக்கமே போக வேண்டியதில்லையே" என்று மருதாசலம் வீட்டில் வந்து சொன்னார்.

அந்த வீட்டில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். திருமணமாகி ஒன்பது வருடம். பூங்கோதைக்கு உப்பில் கை குறைவு. அவள் அம்மா வீட்டுப் பழக்கம். தினமும் சாப்பாட்டில் ரசம் வருகிற கட்டத்தில் மருதாசலம் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டுவார். பூங்கோதை பேச்சை நிறுத்தாமல் அந்தக் கையில் உப்பு ஜாடியை வைப்பாள். "ஒம்பது வருஷமா உப்பு போடக் கத்துக்காத ஒரே பொம்பளை" என்பார் அவர். "ஒம்பது வருஷமா ஜாடியைத் தானே எடுக்கக் கத்துக்காத ஒரே ஆம்பளை" என்பாள் அவள். ரசம் முடியும்.

எழுபதாம் நாள் மருதாசலம் 8.1 சதவீதத்தில் நின்றார். சில்லறைகள் தீர்ந்துவிட்டன. வீட்டாரையும் அழைத்துவரச் சொல்லி அகாடமியிலிருந்து போன் வந்தது. பூங்கோதை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

செங்கோட்டுவேலன் திரையில் ஒரு வட்டத்தைக் காட்டினார். கேக் வெட்டியது போல் துண்டு துண்டாக இருந்தது. "இதாங்க உங்க வீட்டுக்காரர். மிச்சம் இன்னும் மூணு புள்ளி ஒம்பது வேணும். எடுக்கற மாதிரி பெரிய துண்டு ரெண்டே ரெண்டுதான் இருக்குது. ஒண்ணு, நாலு புள்ளி ஒண்ணு. அது நீங்க."

பூங்கோதை வட்டத்தையே பார்த்தாள்.

"நாலா?"

"நாலு புள்ளி ஒண்ணுங்க மேடம். ரொம்ப நல்ல நம்பர். போன மாசம் ஒரு பெரிய வக்கீல் வந்திருந்தாரு. அவங்க சம்சாரம் பூஜ்யம் புள்ளி ஏழு. அவரோட ஷூ ஒண்ணு புள்ளி ரெண்டு."

"இன்னொரு துண்டு யாருங்க?"

செங்கோட்டுவேலன் காகிதத்தைப் புரட்டினார். "நிரஞ்சன்னு ஒருத்தர். அஞ்சு."

மருதாசலம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒம்பது வருஷம்" என்றாள் பூங்கோதை. "அந்த ஆளு பதினாலு மாசம்."

"வன்மம் கொஞ்சம் சீக்கிரம் வளருங்க மேடம். தண்ணி ஊத்த வேண்டியதில்ல."

"அப்ப அதை எடுத்துருங்க. அஞ்சு இருக்குதே, தாராளமாப் போதுமே."

"எடுக்கலாம்" என்று செங்கோட்டுவேலன் இழுத்தார். "ஆனா அதை எடுத்துட்டா பரீட்சை எழுதணுங்கற எண்ணமே போயிடும். மூணு பேருக்கு அப்படி ஆச்சு. ஃபீஸைத் திருப்பிக் கேக்கணும்னுகூடத் தோணாம, சிரிச்சுட்டே வீட்டுக்குப் போயிட்டாங்க. அகாடமிக்கு அதெல்லாம் பெரிய கெட்ட பேருங்க."

ஸ்கூட்டரில் திரும்பினார்கள். ஹோப் காலேஜ் சிக்னலில் நிற்கும்போது மருதாசலம் தலையைத் திருப்பாமல் சொன்னார்: "அவனையே எடுத்துடச் சொல்லிடறேன் அம்மிணி. சீட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

பூங்கோதை கைப்பிடியைப் பிடித்திருந்த கையை எடுத்து அவர் தோளில் வைத்தாள். சிக்னல் விழுந்தது.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு வீட்டின் காலிங் பெல் அடித்தது. கொரியராக இருக்கும் என்று பூங்கோதை கதவைத் திறந்தாள். மருதாசலம் நின்றுகொண்டிருந்தார். செருப்பைப் படிக்குக் கீழே ஓரமாக, ஜோடி சேர்த்து விட்டிருந்தார். ஒன்பது வருடத்தில் அவர் அந்த பெல்லை அழுத்தியதே இல்லை. தெரு முனையிலேயே ஹாரன் அடிப்பார். கதவு திறந்திருக்க வேண்டும்.

"வணக்கங்க" என்றார். "உள்ள வரலாங்களா?"

பூங்கோதை வழி விடாமல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நிரஞ்சனை எடுக்கறேன்னு சொன்னீங்களே."

"நேத்து அப்படித்தானுங்க நெனச்சிருந்தேன். அங்க போயி உக்காந்ததும் அவன் அங்கிள்னு கூப்பிட்டது ஞாபகம் வந்துடுச்சு." ஒரு கணம் முகம் கறுத்தது. பிறகு பழையபடி இதமாகிவிட்டது. "உங்ககிட்ட சொல்லாமச் செஞ்சது தப்புன்னு தெரியுதுங்க. ஆனா தப்பு செஞ்ச மாதிரி தோண மாட்டேங்குது. அதுக்கு நீங்க மன்னிக்கணும்."

எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. அவள் பிறந்த நாள், அவள் முழங்கால் வலிக்கு வாங்குகிற தைலம், சர்க்கரை டப்பா எந்தத் தட்டில் என்பது. தபால் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணியைப் பற்றிய நல்ல தகவல்களாக அவை இருந்தன. அன்று ரசம் வந்தபோது அவள் ஜாடியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கை நீளவில்லை.

"ரசம் நல்லா இருக்குங்க மேடம்" என்றார் மருதாசலம்.

மறுதேர்வுக்கு அகாடமியின் அறிக்கை மட்டும் போதாது. தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். நம் ஊரில் 'இருவரும் ஒருவரே' என்று ஒரு சான்றிதழ் உண்டு. பள்ளிக்கூட வாத்தியார் இனிஷியலை மாற்றி எழுதிவிட்டார், ஆதாரில் ஒரு 'ம' விடுபட்டுவிட்டது என்றால், இந்த ஆளும் அந்த ஆளும் ஒரே ஆள்தான் என்று அரசாங்கம் உறுதி சொல்லும். விதி 14 வந்த பிறகு அதற்கு ஒரு தம்பி பிறந்தது: 'இருவரும் ஒருவரல்லர்'. முன்னது நீலப் படிவம், பின்னது மஞ்சள். இரண்டுக்கும் ஒரே வருவாய் ஆய்வாளர். பெயர் தங்கராசு. எதற்கும் வியக்காதவர்.

"ஒரே வீட்டுல இருக்கிறவங்க யாராவது சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்றார் தங்கராசு. "இவரு பழைய ஆளு இல்லைன்னு. நீங்க யாரும்மா இவருக்கு?"

"அதைத்தானுங்க எழுதச் சொல்றீங்க" என்றாள் பூங்கோதை.

மஞ்சள் படிவத்தை முழுக்கப் படித்தாள். 'மேற்படி மருதாசலம் என்பவர், நான் முன்னர் அறிந்திருந்த மருதாசலம் அல்லர் என்று உளமார உறுதி கூறுகிறேன்.' கையெழுத்துப் போட்டாள். தயங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பொருந்தாத கையெழுத்தைப் பொருந்துகிறது என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை.

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றார் மருதாசலம்.

மறுதேர்வில் அவருக்கு 731 வந்தது. அகாடமி காந்திபுரம் மேம்பாலத்தில் இருபது அடிக்கு ஃப்ளெக்ஸ் வைத்தது. ஒரு வாரத்தில் மேற்குமலைப் பள்ளியிலிருந்து இடம் ஒதுக்கிக் கடிதம் வந்தது. அசல் சான்றிதழ்களோடு நேரில் வருக.

அசல் சான்றிதழ்கள் பீரோவில் இருந்தன. பத்தாம் வகுப்பு, டிப்ளமோ, பகுதி நேரத்தில் படித்த பி.இ. எல்லாம் மருதாசலத்துடையவை. அதாவது பழைய மருதாசலத்துடையவை. புதிய மருதாசலம், அரசாங்கக் கணக்குப்படி, எல்.கே.ஜி. கூடப் படிக்கவில்லை.

"இதுக்கு என்னங்க வழி?" என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டார் மருதாசலம்.

"ஒரு சிக்கலும் இல்லீங்க" என்றார் தங்கராசு. நீலப் படிவத்தை எடுத்து வைத்தார். "ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டா முடிஞ்சுது."

"ரெண்டு பேரும் ஒருத்தர் இல்லைன்னு நீங்கதானே போன மாசம் கொடுத்தீங்க?" என்றாள் பூங்கோதை.

"அது பரீட்சைக்கும்மா. இது அட்மிஷனுக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்ல." தங்கராசு முத்திரையை மைப்பெட்டியில் ஒற்றினார். "சாட்சி மட்டும் அதே சாட்சியாத்தான் இருக்கணும். முன்னப்பின்ன ஆளை மாத்துனா ஆடிட்டுல பிடிச்சுக்குவாங்க."

மருதாசலம் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சூடு இருந்தது. கதவைத் திறந்த நாளிலிருந்து முதல் முறையாக. பூங்கோதை பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"போட்டுடுங்க மேடம்" என்றார். "அந்த நிரஞ்சன் முன்னாடி போய் நிக்கணும். அதுக்குத்தான் எல்லாம்."

"நாளைக்குச் சொல்றேனுங்க" என்றாள்.

அன்று மாலை ரசத்தில் அவள் ஒரு கல் உப்புக்கூடப் போடவில்லை. ஜாடியை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மருதாசலம் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பிறகு டம்ளரில் வாங்கிக் குடித்தார்.

"நல்லா இருக்குங்களா?"

"ரொம்ப நல்லா இருக்குங்க மேடம்."

"உப்பே போடலீங்க."

"அப்படீங்களா." யோசித்தார். "பரவாயில்லீங்க. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

பூங்கோதை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக அவளை நச்சரித்த ஒரு வாய் இவ்வளவு மரியாதையாக மூடிக்கொள்ளும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. சத்தம் போட்டிருந்தால் நீலப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாள். உப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போட்டிருப்பாள்.

"உங்க சூடெல்லாம் அந்த நிரஞ்சன்கிட்டத்தான் இருக்குது" என்றாள். "அந்த ஆளுகிட்டப் போயி கையெழுத்து வாங்கிக்குங்க."

"அவன் நம்ம வீட்டுல இல்லீங்களே மேடம். விதிப்படி செல்லாது" என்றார் மருதாசலம், உண்மையான கவலையோடு.

மறுநாள் தாலுகா அலுவலகத்தில், சாட்சியின் வாக்குமூலம் என்ற கட்டத்தில், 'மஞ்சள் படிவத்தில் எழுதியதே உண்மை' என்று எழுதிக் கொடுத்தாள். தங்கராசு அதற்கும் வியக்கவில்லை, கோப்பில் சேர்த்தார். அந்த வாரமே மருதாசலம் ஹோப் காலேஜ் அருகில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, இத்தனை நாள் தங்க இடம் கொடுத்ததற்கு நன்றி சொன்னார்.

இருபது நாள் கழித்து அவர் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பழைய முகவரிக்கு வந்ததால், ஆள் இல்லை என்று சிங்காநல்லூர் தபால் நிலையத்திலேயே வைத்திருந்தார்கள். வாங்கிக்கொள்ள வந்தார். அன்று பதிவுத் தபால் கவுண்டரில் இருந்தவர் லீவு, பூங்கோதைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாசலம் வரிசையில் நின்று, முறை வந்ததும் அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் அவள் பொருத்திப் பார்த்தாள். 'ல'வின் சுழி, கடைசி 'ம்' மேல் அழுத்தி வைக்கிற புள்ளி, எல்லாம் அவருடையதுதான்.

அவர் அங்கேயே நின்று உறையைப் பிரித்தார். படித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார். கவுண்டர் துளை வழியாகக் கடிதத்தை அவளிடம் நீட்டினார். நீட்டிய கை இடது கை.

"இதுல கடைசி வரியைக் கொஞ்சம் பாருங்க மேடம். நான் சரியாத்தான் படிச்சிருக்கேனா?"

பூங்கோதை வாங்கிப் பார்த்தாள். உரிய கல்விச் சான்றிதழ் இல்லாததால் ஒதுக்கப்பட்ட இடம் ரத்து செய்யப்படுகிறது. அதற்குக் கீழே, சேர்க்கை முடிந்துவிட்டபடியால், அந்த ஆண்டின் விவரங்களைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

குறைந்தபட்ச மதிப்பெண் 680.